பழம் பறிக்கப் போகுமுன் விசாவைப் படியுங்கள்

"அண்ணே, ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கிற வேலை இருக்காம். ஏஜண்டு விசா எடுத்துத் தரேங்கிறாரு. போகலாமா?"

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், அம்பாங்கானில் உள்ள எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) மட்டுமில்லை, பாரோய், சிக்காமாட், செனவாங் பக்கமிருந்தும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அரசாங்கப் பாரங்களை நிரப்பித் தருகிற ஆள் என்று பெயராகிவிட்டதால் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டியவர்கள். எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டுத் தொழிற்சாலையிலோ லாரியிலோ பாதுகாவலர் வேலையிலோ இருப்பவர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி லாபுவிலும் ரந்தாவிலும் சிலியாவிலும் லிங்கியிலும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது டவுனுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். மூன்றாம் தலைமுறை இப்போது இன்னொரு நாட்டின் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறது.

போகக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பேரன்தான் நானும். ஆனால் எந்த விசாவில் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் விமானம் ஏறாதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அதை இங்கே விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

ஏஜண்டின் குரல் பதிவு

அண்மையில் ஒரு தம்பி தன் போனில் வந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினான். "விசா எல்லாம் ரெடி தம்பி. ஏர்போர்ட்ல நம்ம ஆள் வந்து எடுத்துக்குவாரு. வாரம் ஆயிரம் டாலர் பார்க்கலாம். ரூம் இருக்கு, வேன் இருக்கு. காசு மட்டும் இந்த வாரத்துக்குள்ள கட்டிடு."

இதில் சம்பளக் கணக்கு பொய்யில்லை. 2025 ஜூலை நிலவரப்படி ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். 38 மணி நேர வாரத்துக்கு அது 948 டாலர் ஆகிறது. நிரந்தரமில்லாத தற்காலிக வேலைக்கு அதன்மேல் 25 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும். இங்கே 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி (ரிங்கிட்). அங்கே ஒரு வாரம் ஒழுங்காக வேலை செய்தால் இந்த மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடலாம். அதனால்தான் பிள்ளைகளுக்குக் கண் போகிறது. அதில் தப்பே இல்லை.

சிக்கல் "விசா ரெடி" என்ற இடத்தில் இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு ஆஸ்திரேலியா ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி தருகிறது. கைப்பேசிச் செயலியில் நாமே விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 20 டாலர். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். சுற்றிப் பார்க்கவும் சொந்தபந்தத்தைப் பார்க்கவும் கொடுக்கப்படும் அனுமதி அது. அதை வைத்துக்கொண்டு கூலிக்கு வேலை செய்ய முடியாது. ஏஜண்டு ஆயிரக்கணக்கான வெள்ளி வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான். 20 டாலர் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேலை விசா என்று நம்பவைக்கிறார்கள்.

சம்பளம் உண்மை, வேலையும் உண்மை, அந்த வேலையைச் செய்ய உனக்குள்ள உரிமை மட்டும் பொய். மூன்றில் ஒன்று பொய்யானாலும் மற்ற இரண்டும் உன் கைக்கு வராது.

திரும்பி வந்தவனின் நோட்டுப் புத்தகம்

எங்கள் தாமானில் ஒரு தம்பி அப்படிப் போய்விட்டு வந்தான். விக்டோரியா மாநிலத்தில் மர்ரே ஆற்றங்கரையில் மில்டுரா, ராபின்வேல் என்று ஊர்கள் இருக்கின்றன. சாப்பாட்டுத் திராட்சை விளையும் பூமி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. மலேசியர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள். ராபின்வேலில் உண்மையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அந்த வட்டார நகராட்சி 2019-இல் ஓர் ஆய்வு நடத்தியது. அரசாங்கக் கணக்கெடுப்பு காட்டியதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆட்கள் இருப்பதாகத் தெரியவந்தது. கணக்கில் வராமல் வாழ்கிறவர்களின் உழைப்பில்தான் அந்தத் தோட்டங்களின் அறுவடை பெருமளவு நடக்கிறது.

தம்பி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 555 நோட்டு. இடப்பக்கம் அன்றைக்கு எத்தனை பெட்டி பறித்தான் என்ற கணக்கு. வலப்பக்கம் பிடித்தம்: ரூம், வேன், கத்தரிக்கோல், "பேப்பர் வேலை". மழை பெய்த நாள்களுக்கு இடப்பக்கம் காலி, வலப்பக்கத்தில் ரூமும் வேனும் அப்படியே. சில வாரங்களில் வலப்பக்கத் தொகை இடப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சம்பளம் கையில் ரொக்கமாகத்தான். சம்பளச் சீட்டு கிடையாது. தோட்ட முதலாளியை அவன் பார்த்ததே இல்லை. ஆளைக் கொண்டுபோய் இறக்கிய குத்தகைக்காரர்தான் முதலாளி, வீட்டுக்காரர், வேன்காரர் எல்லாமே.

மூன்று மாதம் முடியப்போகும்போது அந்தக் குத்தகைக்காரர் இன்னொரு வழி சொன்னாராம். "ஒரு பாரத்துல கையெழுத்துப் போடு, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கலாம்." அவன் போட்டான். அது அகதிப் பாதுகாப்பு விண்ணப்பம் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. மலேசியாவில் என் உயிருக்கு ஆபத்து என்று அவன் பெயரில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது அவன் ஒருவனுக்கு நடந்த கதையில்லை. 2010-களின் பிற்பாதியில் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்து பாதுகாப்பு விசா கேட்டவர்களில் மலேசியர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், நாட்டுவாரிப் பட்டியலில் முதலிடம் வரை போனார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது. முடிவு வரும்வரை இடைக்கால விசாவில் தங்கலாம் என்பதை வைத்துத் தரகர்கள் கடை நடத்தினார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் அங்கிருந்தபடியே வேறு விசா கேட்பது பெரும்பாலும் முடியாது. விசா காலம் முடிந்து 28 நாளைத் தாண்டித் தங்கிவிட்டுப் புறப்பட்டால் அடுத்த மூன்றாண்டுகளுக்குத் தற்காலிக விசா கிடைப்பதும் கடினம். உண்மையிலேயே உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவர்களின் வரிசையும் இதனால் நீண்டுபோகிறது. அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அவ்வளவு பிடித்தத்தையும் அவன் ஏன் கேள்வி கேட்கவில்லை? கேட்டால் "இமிகிரேஷனுக்குப் போன் பண்ணவா?" என்று ஒரு வார்த்தை போதும். விசா சரியில்லாதவனின் கூலியை அந்த ஒரு வார்த்தையே தீர்மானித்துவிடுகிறது.

நம் தோட்டங்கள் இதைப் பார்த்திருக்கின்றன

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களுக்கு இந்த மிரட்டல் புதிதில்லை. நம் பாட்டன்மார் வந்த வழியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கூலியாட்களைத் திரட்டி மேய்க்கும் கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினம், சென்னைக்குப் பக்கத்து ஆவடி முகாம்களில் வைத்திருந்து கப்பல் ஏற்றுவார்கள். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகள் எல்லாரும் வேலையாள் கணக்குப்படி அதில் பணம் கட்டவேண்டும். ஆள் கொண்டுவரும் கப்பல் செலவு அந்தப் பொது நிதியிலிருந்து போகும். வந்து இறங்குகிறவன் பயணக் கடன் இல்லாமல் இறங்கவேண்டும், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது.

வெள்ளைக்கார முதலாளிகள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கங்காணி ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கினார். அந்த ஆள் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருப்பதில்தான் அவர் வருமானம் இருந்தது. கடைக் கடன், கல்யாணக் கடன் என்று பயணக் கடனுக்குப் பதில் வேறு கடன்கள் வந்து உட்கார்ந்தன. மலேரியாவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: பயணச் செலவு முதலாளி தலையில் விழவேண்டும், கூலியாள் தலையில் விழக்கூடாது என்ற நியாயம் நூறு ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் சட்டமாக இருந்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து எழுந்த குரல்களுக்குப் பிறகு 1938 ஜூனில் இந்திய அரசு இந்த உதவிப் பயணத்தையே நிறுத்தியது. இன்றைக்கு ஏஜண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டுப் போகிற நம் பிள்ளைகள் கங்காணி காலத்துக் கப்பல் பயணியைவிடக் கூடுதல் கடனோடு கிளம்புகிறார்கள்.

அடுத்து 1969. மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1968-இல் இயற்றியிருந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தினார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேலை பெர்மிட் வேண்டும். தோட்டங்களில் எத்தனையோ பேர் சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை) வைத்திருந்தவர்கள். இங்கேயே பிள்ளை பெற்று இங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்கள். சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு மனுப்போட எழுத்தறிவோ பத்திரமோ இல்லாமல், எடுத்துச் சொல்லவும் ஆளில்லாமல் விடுபட்டவர்கள். ஒரே நாளில் அவர்கள் அந்நியத் தொழிலாளிகள் ஆனார்கள். அந்தக் காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் அவர்களில் ஒருவர். பெர்மிட் காலத்தில் தோட்டம் எப்படி இருந்தது என்று பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்களாம். எடை குறைத்துப் போட்டால்கூடக் கேட்கமாட்டார்கள். பெர்மிட் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும், கடிதத்துக்குத் தோட்டக் குமாஸ்தாவான கிராணி மனசு வைக்கவேண்டும். பெரியவர் கடைசியில் ரஜூலா கப்பல் ஏறினார். நாகப்பட்டினத்தில் இறங்கியபோது ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று கடிதம் எழுதினார்.

பாட்டி சொன்ன பெரட்டுக்களமும் தம்பியின் நோட்டுப் புத்தகமும் எனக்கு ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. தங்கும் உரிமை ஒருவர் கையில் இருந்தால், கூலியும் அவர் கைக்குப் போய்விடும். அதனால்தான் விசாவைச் சில்லறைப் பேப்பர் வேலையாக நினைத்து ஏஜண்டிடம் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். சம்பளம் பேசுவதற்கு முந்திய பேச்சு அது.

சட்டப்படி போக என்ன வழி?

ஆஸ்திரேலியாவில் பருவகால விவசாய வேலைக்குப் பசிபிக் தீவு நாடுகள் ஒன்பதுக்கும் தீமோர்-லெஸ்தேவுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. மலேசியர் அதில் சேரமுடியாது. 2021-இல் ஆசியான் நாட்டவரையும் சேர்த்துத் தனி விவசாய விசா வரப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. 2022-இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. "அக்ரிகல்ச்சர் விசா வந்தாச்சு" என்று இன்னமும் யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

மலேசியருக்குத் திறந்திருக்கும் கதவு வேலை-விடுமுறை விசா, எண் 462. வயது 18 முதல் 30 வரை. உயர்கல்வித் தகுதி, அல்லது பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டாண்டு முடித்திருக்கவேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். கையில் சுமார் 5,000 டாலர் சேமிப்பும் திரும்பிவரும் செலவும் காட்டவேண்டும். முதல் முறை ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்கலாம். நாட்டுக்கு நாடு ஆண்டு ஒதுக்கீடு உண்டு, ஆண்டுக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கும். சில நாட்டவரிடம் அவரவர் அரசின் ஆதரவுக் கடிதமும் கேட்பார்கள். மலேசியருக்கான பத்திரப் பட்டியலை ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் தளத்தில் விண்ணப்பிக்கிற அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஏஜண்டு இல்லாமல் நீங்களே செய்யலாம்.

இந்த விசாவில் ஓர் ஆண்டு தங்கலாம், வேலை செய்யலாம், முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்தான், விவசாயத்துக்கு அதில் விலக்கு உண்டு. குறிப்பிட்ட கிராமப்புற வட்டாரங்களில் மூன்று மாதம் பண்ணை வேலை செய்தால் இரண்டாம் ஆண்டு விசா கேட்கலாம். அந்த இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் செய்தால் மூன்றாம் ஆண்டும் கேட்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டுகள்தான் ஆதாரம். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

நியூசிலாந்திலும் 18 முதல் 30 வயது மலேசியருக்கு வேலை-விடுமுறை விசா இருக்கிறது, நிபந்தனைகள் வேறு. பிரிட்டனின் பருவகால விசா தோட்டக்கலைப் பண்ணைகளில் ஆறு மாத வேலைக்கானது. 2019-இல் சோதனையாகத் தொடங்கியது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், படிப்புத் தகுதி கேட்பதில்லை. ஆனால் அரசு அங்கீகரித்த ஒருசில அமைப்புகள் ஆளெடுத்தால்தான் விசா. வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரச் சம்பளம் தரவேண்டும் என்பது விதி. அந்த அமைப்புகளின் பட்டியல் பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே இருக்கிறது, அதில் இல்லாதவர் ஆளெடுத்தால் விசா கிடையாது. 2022-இல் இந்தோனேசியர்கள் தரகர்களிடம் பெருங்கடன் பட்டு இந்த விசாவில் போனது பெரிய செய்தியானது. சட்டபூர்வமான விசாவிலும் கடன் சுமந்து போனால் நிலைமை அதேதான்.

இங்கே ஓர் உண்மையைப் பேசியாகவேண்டும். ஆஸ்திரேலியக் கதவு பட்டம் படித்தவனுக்குத் திறந்திருக்கிறது. எஸ்.பி.எம். வரை படித்துவிட்டு உடம்பு வணங்கி உழைக்கத் தயாராக இருப்பவனுக்கு மூடியிருக்கிறது. அவனுடைய கையைத்தான் அந்தத் தோட்டம் தேடுகிறது, அவனுக்குத்தான் அந்த நாடு விசா தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜண்டு கடை போடுகிறார். பிள்ளைகள் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எனக்குப் பிடிக்காது. வேலை இருக்கிறது, வழியில்லை. வழி இருப்பதாகச் சொல்கிறவனை நம்பிவிடுகிறார்கள்.

எஸ்.பி.எம். தம்பி வந்து கேட்டால், ஆஸ்திரேலியாவுக்கு இன்றைக்கு உனக்குச் சட்டப்படியான பண்ணை விசா இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். டிப்ளோமாவோ பட்டமோ முடிக்கும் வயதும் வாய்ப்பும் இருந்தால் முதலில் அதை முடி என்கிறேன். மற்ற நாடுகளின் விதிகளைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். சில பேருக்கு முகம் வாடிவிடுகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரியான விசாவில் போகிறவர்களுக்கு

விசா கிடைத்ததும் வரும் கடிதத்தில் நிபந்தனைகள் எண் போட்டு எழுதியிருக்கும். வேலை செய்யலாமா, எவ்வளவு காலம், யாரிடம் என்பதெல்லாம் அதில்தான். வீவோ என்ற அரசுத் தளத்தில் கடப்பிதழ் எண்ணைக் கொடுத்து நீங்களே சரிபார்க்கலாம். ஏஜண்டு அனுப்பிய படத்தை நம்பாதீர்கள்.

கடப்பிதழை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். போனதும் வரி எண் எடுங்கள், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறங்கள். வேலை-விடுமுறை விசாக்காரர்களுக்கு 45,000 டாலர் வரை 15 விழுக்காடு வரி. 2025 ஜூலை முதல் முதலாளி சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காடு ஓய்வூதிய நிதியில் கட்டவேண்டும். நாடு திரும்பும்போது அதைக் கேட்டு வாங்கலாம். 65 விழுக்காடு வரி போய்விடும், மீதியையாவது விட்டுவிடாதீர்கள்.

பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும் பயப்படவேண்டாம். 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டக்கலையில் பெட்டிக் கணக்கு வேலைக்கும் மணிக்குக் குறைந்தபட்ச ஊதிய உத்தரவாதம் இருக்கிறது. கொடி காய்ப்பு இல்லாத நாளில் மூன்று பெட்டிதான் பறித்தாலும் நின்ற மணி நேரத்துக்குக் கூலி வரவேண்டும். அதனால் எத்தனை பெட்டி என்று எழுதுவதோடு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பதையும் அன்றன்றே எழுதிவையுங்கள். விக்டோரியா, குயின்ஸ்லாந்து உள்ளிட்ட மாநிலங்களில் ஆள்சேர்ப்புக் குத்தகைக்காரர் உரிமம் வைத்திருக்கவேண்டும். உரிமப் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் அந்த வேனில் ஏறாதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் நியாய வேலை முறையீட்டு அலுவலகத்தின் எண் 13 13 94. ஆங்கிலம் வராவிட்டால் முதலில் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தவறான விசாவில் மாட்டிக்கொண்டவர்களும் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: உழைத்த கூலியைக் கேட்கும் உரிமை விசா நிலையைப் பொறுத்ததில்லை என்பதை 2023-இல் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள்

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம். அந்த வசதியைக் காட்டி "வந்துடு, வந்தபிறகு பெர்மிட் போட்டுக்கலாம்" என்று ஆள் பிடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியாவில் நடப்பது அப்படியே உங்கள் பிள்ளைகளுக்கு இங்கே நடக்கிறது. தோட்டத்தில் வேலை செய்யத் தற்காலிக வேலை அனுமதி வேண்டும். முதலாளி முதலில் இங்கே ஒப்புதல் வாங்கி, அந்த ஒப்புதலின்படி விசா எடுத்துத்தான் நீங்கள் விமானம் ஏறவேண்டும். தோட்டத் துறைக்கு ஆண்டு லெவி 640 வெள்ளி, அதைக் கட்டவேண்டியவர் முதலாளி. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடப்பிதழ் என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகத்தான் வரவேண்டும். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு காசும் வாங்கக்கூடாது. பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் எடுத்திருக்கவேண்டும்.

அப்படிச் சரியாக வந்தாலும் அந்த அனுமதியில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கும். அவர் சரியில்லை என்று வேறு தோட்டத்துக்குப் போனால் நீங்கள் சட்டவிரோதி. இன்றைக்கு நெகிரி செம்பிலானில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி, இந்தியர். நம் பாட்டன்மார் இருந்த வரிசையில் அவர்கள் இருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவர் கடப்பிதழை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆனாலும் "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் பூட்டும் பழக்கம் முழுசாகப் போகவில்லை. 2020-இல் அமெரிக்கா இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தபோது சொன்ன காரணங்களில் கடப்பிதழ் பறிப்பும் ஒன்று.

நம் பிள்ளையை ஆஸ்திரேலியாவில் ஒருவன் "இமிகிரேஷனுக்குப் போன் பண்ணவா" என்று மிரட்டினால் நமக்குக் கொதிக்கிறது. அதே மிரட்டலை இங்கே ஒரு வங்காளதேசியிடம் நம் ஆள் சொல்லும்போதும் கொதிக்கவேண்டும். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை, வருவதற்குக் கடன் வாங்கவேண்டாத ஏற்பாடு, கடப்பிதழ் தன் பையில் — இந்த மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு அங்கே கேட்போம், அவர்களுக்கு இங்கே கேட்போம். வெளிநாட்டுத் தொழிலாளர் இதைக் கேட்டால் அனுமதி போய்விடும். வாக்குரிமை உள்ள நாம் கேட்டால் நம்மை யாரும் கப்பல் ஏற்றமுடியாது. சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது, சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது, கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அம்பாங்கான் பக்கம் இருப்பவர்கள், விசா கடிதமோ ஏஜண்டு அனுப்பிய ஒப்பந்தமோ கைக்கு வந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.